காளான் குடிலில் காற்றை உள்ளே தள்ளுவதா, வெளியே இழுப்பதா?

தாராபுரம்_குடில்: குடில் 20க்கு 10 அடி, உயரம் 8 அடி. ஓலைக்கு உட்புறம் பாலித்தீன் விரிப்பு. சிப்பிக் காளான் போட்டிருக்கிறேன். இந்த மாதம் தண்டு விரல் நீளத்துக்குப் போகிறது, குடை ஒரு ரூபாய் நாணயத்தைத் தாண்டவில்லை. கரியமில வாயு தேங்குவதால்தான் என்று நினைக்கிறேன், அதை அளக்கும் மீட்டர் விடியற்காலையில் 2400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2400 பங்கு) காட்டுகிறது. 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் நிற்காமல் ஓடுகிறது. பெரியதாக மாற்றட்டுமா?

வித்தறை: வேண்டாம் அண்ணா. இழுக்கிற காற்றுக்கு ஈடாக இடுக்குகள் வழியே வெளிக்காற்று வரும். கூடவே காளான் ஈயும் பச்சைப் பூசணமும் வரும். ஃபேனைத் திருப்பி, வடிகட்டி போட்டு உள்ளே தள்ளுங்கள். உள்ளே அழுத்தம் கூடிவிட்டால் இடுக்குகளில் காற்று வெளியே மட்டுமே போகும்.

மாடிக்_காளான்: தம்பி, அப்படிச் செய்து நான் பட்டுவிட்டேன். மாடியில் அறை, கீழே வீடு. உள்ளே தள்ளிய காற்று சிப்பிக் காளானின் குடையிலிருந்து உதிரும் வித்துத்தூளை எல்லாம் படிக்கட்டுக் கதவு வழியே வீட்டுக்குள் இறக்கியது. ஃப்ரிட்ஜ் மேல் விரலால் கோடு இழுக்கலாம், அவ்வளவு வெள்ளைப் பொடி. அத்தைக்கு மூன்று வாரம் இருமல். காளான் தொழிலாளர் நுரையீரல் என்று நோய்க்கே பெயர் இருக்கிறது, விளையாட்டில்லை. அறுவடை அறையில் காற்றை வெளியேதான் இழுக்க வேண்டும்.

வித்தறை: வீட்டோடு ஒட்டிய அறைக்குச் சரி அக்கா. அண்ணனுடையது தோட்டத்துக் குடில். பூசணம் வந்தால் படுக்கையே போய்விடுமே?

மாடிக்_காளான்: உங்கள் முறை வித்து (காளான் விதை) வைக்கோலில் பரவும் அறைக்குப் பொருந்தும், அங்கே நானும் அதைத்தான் செய்கிறேன். வித்து வைக்கோல் முழுக்க வெள்ளையாகப் படர்ந்தபின் பூசணத்துக்கு அவ்வளவு இடமில்லை. தோட்டமானாலும் தினம் உள்ளே நின்று பறிப்பவருக்கும் நெஞ்சு இருக்கிறதே. அண்ணா, 1600 கன அடிக் காற்றை மணிக்கு ஆறு முறை மாற்ற நிமிடத்துக்கு 160 கன அடி போதும். 9 அங்குல ஃபேனுக்கு அது பெரிய வேலையில்லை. காற்று வர வழி எங்கே விட்டிருக்கிறீர்கள்?

தாராபுரம்_குடில்: எதிர்ச்சுவரில் ஜன்னல் உண்டு. ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதால் ஈரச்சாக்கை இறுக்கிக் கட்டி, மேலே பாலித்தீனும் போட்டேன். இப்போது ஊதுபத்தி வைத்துப் பார்த்தேன். ஜன்னலருகே புகை நேராக நிற்கிறது, கதவின் அடி இடுக்கில் சரேலென்று உள்ளே பாய்கிறது. கதவைத் திறக்கவே இழுத்துப் பிடிக்கிறது.

மாடிக்_காளான்: அதுதான். மூச்சைப் பிடித்துவைத்துவிட்டு ஃபேனைச் சுற்றவிட்டிருக்கிறீர்கள். இந்த வகை ஃபேன் எதிர்ப்பு வந்தால் காற்றைத் தள்ளாது. பாலித்தீனை எடுங்கள், 40 கண் வலை (அங்குலத்துக்கு 40 கண்) அடியுங்கள். வலையே கொஞ்சம் காற்றைத் தடுக்கும், அதனால் ஜன்னல் ஃபேனைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். சாக்கை ஓரடி தள்ளித் தொங்கவிடுங்கள்.

வித்தறை: வலையை வாரம் ஒருமுறை கழுவுங்கள் அண்ணா, அடைத்தால் பழைய கதைதான். கதவடி இடுக்கையும் ரப்பர் வைத்து அடையுங்கள், ஈக்கு அதுதான் வாசல். வடிகட்டிய காற்றே மேல் என்பதை நான் விடவில்லை.

தாராபுரம்_குடில்: மூன்றாம் நாள் விடியற்காலை மீட்டரில் 900 பிபிஎம். பழைய கொத்துகளைப் பறித்துவிட்டேன், அடுத்த மொட்டு வரட்டும், படம் போடுகிறேன்.