சிங்கப்பூர் – நியூயார்க்: அம்மாவுக்கு எந்த விமானம் உகந்தது?

அனைவருக்கும் வணக்கம். எழுபது வயதைக் கடந்த அம்மாவை வரும் டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு அழைத்துச் செல்கிறேன். ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர் தொலைவுள்ள இவ்வழியில் இடைநில்லா விமானம், காற்றின் போக்கைப் பொறுத்து, 18 மணி நேரத்துக்கும் மேல் பறக்கிறது. ஃபிராங்ஃபர்ட்டில் நின்று செல்லும் விமானத்தில் பயணம் இரண்டாகப் பிரிந்தாலும் மொத்த நேரம் கூடிவிடுகிறது. நெடுநேரம் உட்கார்ந்தால் அம்மாவுக்குச் செருப்பு நுழையாத அளவுக்குப் பாதம் வீங்கிவிடும் என்பதால், நடுவில் இறங்கிச் சற்று நடப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. மருத்துவரிடமும் கேட்கவிருக்கிறேன்.

முதியவர்களுடன் இவ்வழியில் சென்றவர்கள், இடைநில்லா விமானத்தில் அவ்வப்போது எழுந்து நடக்க வசதியுண்டா, ஃபிராங்ஃபர்ட்டில் சக்கர நாற்காலி உதவி தாமதமின்றிக் கிடைக்கிறதா என்று அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.