ஷிஃப்ட் பைண்டிங்கில் 1 கிலோ டூரிங் பூட் மாட்டலாமா? (குல்மார்க், பிப்ரவரி)

ஓசூர் லேத்

வணக்கம். பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் ஒரு வாரம் ஸ்கீ டூரிங். கோண்டோலாவில் (கேபிள் கார்) அஃபர்வாட் மலை வரை போய், அங்கிருந்து ஸ்கின் (ஸ்கீக்கு அடியில் ஒட்டுற, பின்னாடி வழுக்காத பட்டை) ஒட்டி ஏறி இறங்கும் திட்டம். ஒரு நாளைக்கு 600 முதல் 800 மீட்டர் ஏற்றம் வரும்.

கையில் இருப்பது: 172 செ.மீ. ஸ்கீ, நடு அகலம் 96 மி.மீ., சாலமன் ஷிஃப்ட் பைண்டிங் (பூட்டை ஸ்கீயோட பிடிச்சு வைக்கிற பூட்டுக் கருவி). பூட் பழைய பாலியூரித்தேன் ரகம், சைஸ் 27.5, ஒற்றைப் பூட் 1,900 கிராம்.

தொந்தரவு இரண்டு. ஏறும்போது குதிகால் தூக்கி உரசுது. இறங்கும்போது சுண்டுவிரல் அடிமூட்டில் வலி. பக்கிளை இறுக்கினால் குதிகால் கொஞ்சம் அடங்குது, ஆனா மேல்பாதம் மரத்துப்போகுது.

புது பூட்டுக்கு நாலு பெயர் குறிச்சு வச்சிருக்கேன்: ஸ்கார்ப்பா எஃப்1 எல்டி, அட்டாமிக் பேக்லேண்ட் கார்பன், டெக்னிகா ஸீரோ ஜி டூர் புரோ, ஸ்கார்ப்பா மேஸ்ட்ராலே ஆர்எஸ். எடையைப் பார்த்தால் எஃப்1 எல்டி பக்கம்தான் மனசு சாயுது. சுற்றுவட்டாரத்தில் போட்டுப் பார்க்க வழியில்லை, ஆன்லைனில்தான் வாங்கணும். அகலம் தாங்கணுமேன்னு மறுபடியும் 27.5 எடுக்கலாமான்னு யோசனை. சரியா?

பாகலூர் பனி

எடையை ஒரு ஓரமா வைங்க. உங்க பைண்டிங்தான் இங்க முதல் கேள்வி, அதுலயே நாலில் இரண்டு கழிஞ்சிடும்.

ஷிஃப்ட் ஏறும்போது பின் (pin) பைண்டிங் மாதிரி, அதாவது பூட் மூக்கின் இரு பக்கத் துளையில் ஊசி நுழைஞ்சு பிடிக்கிற ரகம் மாதிரி வேலை செய்யும். இறங்கும்போது சாதாரண ஆல்பைன் (இறக்கத்துக்கு மட்டுமான) பைண்டிங் மாதிரி பூட்டின் மூக்கையும் குதியையும் மேலிருந்து கவ்வும். அந்தக் கவ்வலுக்கு சோலின் வடிவம் தரப்படி இருக்கணும். ஆல்பைன் சோல் ஐஎஸ்ஓ 5355, டூரிங் சோல் ஐஎஸ்ஓ 9523, கிரிப்வாக் (நடக்க வசதியா வளைஞ்ச) சோல் ஐஎஸ்ஓ 23223. ஷிஃப்ட் இந்த மூணையும் ஏத்துக்கும். எஃப்1 எல்டியும் பேக்லேண்டும் இதில் எதிலும் சேராது. எடை குறைக்க மூக்கைச் சின்னதா வெட்டி, சோலை வளைச்சிருப்பாங்க. முன்னாடி பின் துளை இருக்கிறதால ஏறும்போது ஜோரா மாட்டிக்கும். அதனால்தான் பலர் ஏமாறுறாங்க. இறங்கும்போது மூக்குப் பிடி சரியா உட்காராது. விழும்போது பூட் கழலாம முழங்காலைத் திருகலாம், இல்லைன்னா திருப்பத்துக்கு நடுவுல தானே கழன்று ஓடலாம்.

உங்க பட்டியலில் ஷிஃப்ட்டில் இறங்கத் தகுந்தவை ஸீரோ ஜி டூர் புரோவும் மேஸ்ட்ராலே ஆர்எஸ்ஸும். எதை வாங்கினாலும் சோலில் 9523 குறி இருக்கான்னு விற்பவரிடம் படம் கேட்டு வாங்குங்க. ஒரே பெயரில் வருஷத்துக்கு வருஷம் சோல் மாறுறது உண்டு.

காரிமங்கலம் வெர்னியர்

27.5 வேண்டாம் தம்பி. நீங்க சொன்ன இரண்டு தொந்தரவும் ஒரே காரணத்தால வருதுன்னு படுது: பூட் பெருசு.

ஷெல் (பூட்டின் கெட்டியான வெளிக்கூடு) நீளமா இருந்தா கால் முன்னாடி வழுக்கும். முன்பக்கம் ஷெல் குறுகிக்கிட்டே போகும் இல்லையா, அந்தக் குறுகலில் போய்ச் சுண்டுவிரல் மூட்டு இடிக்குது. குதிக்குப் பின்னாடி காலி இடம், அதனால தூக்கல். அதை அடக்க பக்கிளை இறுக்குறீங்க, மேல்பாதத்து நரம்பு நசுங்கி மரத்துப்போகுது. இன்னும் பெருசா வாங்கினா இன்னும் வலிக்கும்.

ஊகம் வேண்டாம், அளந்து பார்த்துடலாம். சாக்ஸ் இல்லாம, சுவரில் குதி ஒட்ட, இரண்டு கால்லயும் சமமா எடை வச்சு நில்லுங்க. மூலைமட்டத்தை விரல் நுனியில் செங்குத்தா நிறுத்தி, சுவரிலிருந்து மி.மீ.யில் எடுங்க. இரண்டு காலும். அகலம் பெருவிரல் மூட்டிலிருந்து சுண்டுவிரல் மூட்டு வரை, நின்றபடியே. உட்கார்ந்து அளந்தா சில மி.மீ. குறையும். வெயிலில் நடந்து வந்த கையோட அளக்காதீங்க, கால் வீங்கியிருக்கும்.

அடுத்து பழைய பூட்டின் லைனரை (உள்ளே இருக்கிற மெத்தை உறை) உருவிட்டு வெறும் ஷெல்லுக்குள்ள காலை விடுங்க. விரல் நுனி முன்சுவரைத் தொட்டும் தொடாம இருக்கணும். குதிக்கும் பின்சுவருக்கும் நடுவே எத்தனை மி.மீ. இருக்குன்னு, தடிமன் தெரிஞ்ச மரக்குச்சி ஏதாவது விட்டுப் பாருங்க. டூரிங்குக்கு 10 முதல் 15 நல்லது. 20 தாண்டினா அது உங்க பூட் இல்லை.

ஓசூர் லேத்

அளந்தாச்சு. இடது 262, வலது 265. அகலம் இரண்டும் 104. மேல்பாதம் உயரம். பழைய ஷெல்லில் குதிக்குப் பின்னாடி வலதில் 24 மி.மீ., இடதில் 27.

ஆனா 26.5 போட்டா 104 அகலம் எங்க போகும்? ஸீரோ ஜி 99னு போட்டிருக்கு, மேஸ்ட்ராலே 101.

காரிமங்கலம் வெர்னியர்

24 இருக்கு, அப்போ சந்தேகமே இல்லை. ஸ்கீ பூட்டின் சைஸ், அதாவது மாண்டோபாயின்ட் எண்ங்கிறது பாத நீளம் செ.மீ.யில், அவ்வளவுதான். 265 மி.மீ. கால்னா 26.5. முழு எண் ஒண்ணு குறைஞ்சா ஷெல் நீளம் ஏறக்குறைய 10 மி.மீ. குறையும், உங்களுக்கு 14 பக்கம் வந்து நிக்கும். பெரும்பாலான கம்பெனியில் 26க்கும் 26.5க்கும் ஷெல் ஒண்ணுதான், உள்ளே மாறுறது லைனரோ அடிப்பலகையோ. சிலர் மட்டும் வேற இடத்தில் பிரிப்பாங்க. பெட்டியில் இருக்கிற சைஸை விட, குதிப்பக்கம் ஷெல்லில் அச்சடிச்சிருக்கிற சோல் நீளத்தைப் பாருங்க. இரண்டு சைஸுக்கு ஒரே மி.மீ. இருந்தா ஷெல்லும் ஒண்ணு.

அகலத்துக்கு வர்றேன். 99, 101ங்கிறது ஏதோ ஒரு குறிப்பிட்ட சைஸ் பூட்டுக்குக் கம்பெனி சொல்ற அகலக் கணக்கு. கம்பெனிக்குக் கம்பெனி அளக்கிற இடம் வேற. உங்க காலின் 104ஐ அதிலிருந்து நேரா கழிச்சுப் பார்க்கிறது பலன் தராது. ஆனா உங்க மாதிரி கால் உள்ளவங்களுக்கு 99ல் தட்டி விரிக்கிற வேலை நிச்சயம் இருக்கும். 101ல் லைனரைச் சூடாக்கி வார்த்தாலே பல சமயம் தீர்ந்துடும். உயர்ந்த மேல்பாதத்துக்கும் ஸ்கார்ப்பா கொஞ்சம் தாராளம்.

வத்தல்மலை ஏற்றம்

மாற்றுக் கருத்து ஒண்ணு. எல்லாரும் பூட்டையே பார்க்கிறீங்க. எடை காலில் எங்க இருக்குன்னு கூட்டிப் பாருங்க.

ஷிஃப்ட் ஒண்ணு 900 கிராமுக்குச் சற்றே கம்மி. பிரேக்கோட சாதாரண பின் பைண்டிங் 400 கிராம் பக்கம் கிடைக்குது. ஒரு காலுக்கு 500 கிராம் மிச்சம். மேஸ்ட்ராலே ஆர்எஸ் 1.5 கிலோவுக்குச் சற்றுக் கீழே, எஃப்1 எல்டி 1 கிலோ. அங்கேயும் 500தான். ஆக ஷிஃப்ட்டை வச்சுக்கிட்டு பூட்டில் கிராம் எண்ணுறது, வண்டியில் ஒரு மூட்டையை இறக்கிட்டு, அதே எடையில் இன்னொரு மூட்டையை அப்படியே விட்டு வைக்கிற மாதிரி.

இன்னொண்ணு, ஸ்கின்னில் ஏறும்போது ஸ்கீயைத் தூக்கறதில்லை, இழுத்து நகர்த்துறோம். அதனால கணுக்கால் எவ்வளவு லேசா முன்னும் பின்னும் ஆடுதுங்கிறதும் எடைக்குச் சமமான விஷயம். காகிதத்தில் எஃப்1 எல்டி 72 டிகிரி, பேக்லேண்ட் 74, மேஸ்ட்ராலே ஆர்எஸ் 60 பக்கம், ஸீரோ ஜி (முதல் தலைமுறை) 55. இந்த எண் லைனர் இல்லாம எடுத்ததா இருக்கலாம். விறைப்பான லைனரைப் போட்டதும் பாதி காணாம போயிடும். கையால கஃபை (பூட்டின் கணுக்காலைச் சுத்தின மேல்பகுதி) தள்ளிப் பாருங்க, எதிர்ப்பே இல்லாம எவ்வளவு தூரம் போகுதுன்னு. அதுதான் கணக்கு.

பாகலூர் பனி

வத்தல்மலை சொல்ற கணக்கு சரி, ஆனா இந்தக் கேள்விக்கு அது முழு விடை ஆகாது. 96 மி.மீ. ஸ்கீ, அஃபர்வாட்டின் ஆழமான பனி. 1 கிலோ பூட்டை வச்சு அந்த அகலத்தைத் திருப்பலாம், நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்க திருப்புவாங்க. பனி புதுசா பஞ்சு மாதிரி இருக்கும்வரை தெரியாது. காத்து அடிச்சு மேலே ஓடு கட்டினதும் முழங்காலுக்குக் கீழே எதுவும் தாங்கலைன்னு தெரியும். எஃப்1 எல்டி, பேக்லேண்ட் ரகமெல்லாம் 80 முதல் 90 மி.மீ. ஸ்கீயோட சேர்த்தா அருமை. ஏற்றம் ஒரு நாளைக்கு 1,500 மீட்டர் போறவங்களுக்கு அதுதான் சரி. உங்களுக்கு 800தான், அதுவும் கோண்டோலா மேலே தூக்கிவிட்ட பிறகு.

பூட்டின் விறைப்பைச் சொல்ற ஃபிளெக்ஸ் எண்ணை (130, 120) இரண்டு கம்பெனிக்கு நடுவே ஒப்பிடவே வேண்டாம். அதுக்குப் பொதுத் தரம் கிடையாது.

குளிரையும் மறக்காதீங்க. எடை குறைக்கிற முதல் இடம் லைனர். மெல்லிசு லைனரோட 4,000 மீட்டர் பக்கத்தில் காத்துல காத்திருந்து நின்னா விரல் போயிடும்.

என் ஓட்டு: இந்த பைண்டிங்குக்கும் காலுக்கும் மேஸ்ட்ராலே ஆர்எஸ் 26.5. கால் ஒல்லியா இருந்திருந்தா ஸீரோ ஜின்னு சொல்லியிருப்பேன். இறக்கத்தில் அது ஒரு படி மேல்.

ஓசூர் லேத்

சரி, மேஸ்ட்ராலே ஆர்எஸ். லைனரைச் சூடாக்கி வார்க்கிறதை வீட்டு ஓவனில் செய்யலாமா? சுண்டுவிரல் பக்கம் அப்பவும் இடிச்சா ஹீட் கன் வச்சு ஷெல்லைத் தட்டிக்கலாமா? பட்டறையில் எல்லாம் இருக்கு.

ராயக்கோட்டை பாறை

பட்டறை கையில் இருக்கிறதுதான் ஆபத்து! ஹீட் கன் கூடவே கூடாது. பழைய பூட்டின் பாலியூரித்தேன் இளகும், தட்டின இடத்தில் நிக்கும். ஆர்எஸ்ஸின் ஷெல் கார்பன் இழை கலந்த கிரிலமிட், அதாவது நைலான் 12 குடும்பம். மோல்டிங் வேலை தெரிஞ்சவங்களுக்கு இது புரியும்: இளகுற வெப்பத்துக்கும் உருகிக் குலையுற வெப்பத்துக்கும் இடைவெளி கம்மி. கம்மியா காட்டினா ஆறினதும் பழைய இடத்துக்கே திரும்பிடும், கூடினா சுவர் மெலிஞ்சு சுருங்கும். அதுக்குன்னு அச்சும் பிரஸ்ஸும் வச்சிருக்கிற பூட் ஃபிட்டர் செய்யணும், அவரே ஓரிரு மி.மீ. கூடுதலா தட்டித்தான் திரும்புற அளவை ஈடுகட்டுவார்.

(ஆர்எஸ் இல்லாத சாதா மேஸ்ட்ராலே பெபாக்ஸ் ஆர்நியூ. அந்தப் பிளாஸ்டிக்குக்கு மூலம் ஆமணக்கு எண்ணெய். நம்ம ஊர் மானாவாரி வரப்பில் நிக்கிற அதே ஆமணக்குதான்.)

லைனர் விஷயம்: வார்க்கிறதுக்கு முன்னாடி அப்படியே போட்டு வீட்டுக்குள்ளயே, தினம் 30 முதல் 45 நிமிஷம், மூணு நாலு நாள் இருங்க. படி ஏறி இறங்குங்க. வெளியே தரையில் நடந்தா சோல் தேயும், திருப்பி அனுப்ப முடியாது. வார்த்த லைனரையும் திரும்ப எடுக்க மாட்டாங்க, அதனால சைஸ் உறுதியான பிறகுதான் சூடு.

வார்க்கும்போது: சுண்டுவிரல் மூட்டில் 3 முதல் 5 மி.மீ. ஃபோம் துண்டு ஒட்டி, விரல் நுனிக்கு டோ கேப் மாட்டி, மேலே மெல்லிய சாக்ஸ். வீட்டு ஓவன் 110 டிகிரின்னு காட்டும்போது உள்ளே ஒரு மூலை 140 இருக்கும், ஃபோம் சுருங்கிடும். ஃபிட்டர்கிட்ட உலர்ந்த சூடான காற்றை ஊதுற கருவி இருக்கும், அது ஒரே சீரான சூடு. வேற வழியே இல்லைன்னா தெர்மோகப்பிள் வச்சு ஓவனின் வெப்பத்தை முதலில் அளந்துட்டு, லைனர் தயாரிப்பாளர் அச்சிட்ட வெப்பத்தையும் நிமிஷத்தையும் மீறாம செய்யுங்க. சூடான லைனரைக் காலில் போட்டு, ஷெல்லுக்குள்ள விட்டு, குதியைப் பின்னாடி இடிச்சு உட்காரவச்சு, பக்கிளை லேசா மாட்டி, ஆறும்வரை 10 முதல் 15 நிமிஷம் அசையாம நில்லுங்க. நாக்கு மடங்கியிருந்தா அந்த மடிப்பு அப்படியே நிரந்தரம்.

காரிமங்கலம் வெர்னியர்

பூட் வந்ததும் பைண்டிங்கைத் தொடாம கிளம்பிடாதீங்க. சோல் நீளம் குறையும், பைண்டிங்கின் குதிப்பகுதியை முன்னாடி நகர்த்தி, அது பூட்டை முன்னோக்கி அழுத்துற அளவைக் காட்டுற முன்னழுத்தக் குறியைச் சரியான இடத்தில் நிறுத்தணும். மூக்குக்குக் கீழே இருக்கிற தட்டின் உயரமும் மாறும். பூட்டுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு தாள் உரசிக்கிட்டே வரணும், கிழியக்கூடாது, சும்மா நழுவவும் கூடாது. கழலும் அழுத்த எண்ணையும் புதுசா பாருங்க. ஐஎஸ்ஓ 11088 அட்டவணையில் எடை, உயரம், வயசு, ஓட்டுற விதம் இதோட சோல் நீளமும் ஒரு கணக்கு. பழைய எண்ணையே விட்டுவைக்க முடியாது.

வத்தல்மலை ஏற்றம்

பனியில் முதல் நாள் வர்ற தொல்லையையும் சொல்லிடறேன். பின் துளையில் ஐஸ் அடைச்சுக்கிட்டா மாட்டின மாதிரி சத்தம் கேட்கும், நாலடியில் கழலும். ஒவ்வொரு முறையும் துளையைக் குச்சியால குத்திட்டு மாட்டுங்க. மாட்டினதும் குதியைத் தூக்கிக் காலை முன்னும் பின்னும் சிலதரம் ஆட்டி, அப்புறம் முன் லீவரைப் பூட்டுங்க. இறங்குறதுக்கு முன்னாடி கஃப் பூட்டு முழுசா விழுந்துதான்னு முழங்காலை முன்னாடி அழுத்திப் பாருங்க. லீவர் இடுக்கில் பனி இருந்தா பாதியில் நிக்கும்.

ராத்திரி லைனரை உருவி, பேப்பர் திணிச்சு உலர்த்துங்க. ஹோட்டலில் புகாரி அடுப்பு இருக்கும். அதுக்கு ஒட்டி வச்சா வார்த்த அச்சு போயே போச்சு.

ஓசூர் லேத்

கடைசியா ஒண்ணு, சீசன் முடிஞ்சு இங்க வெயிலில் எப்படி வைக்கிறது? பழைய பூட் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் இருந்தது.

ராயக்கோட்டை பாறை

அந்தப் பழைய பூட்டின் அடிப்பகுதியை நகத்தால் கீறிப் பாருங்க. பாலியூரித்தேன் சூட்டிலும் ஈரத்திலும் வருஷக்கணக்கில் இருந்தா பிஸ்கட் மாதிரி உதிரும். உதிர்ந்தா யாருக்கும் விக்காதீங்க.

புதுசை வீட்டுக்குள்ள, தரையோரம், பீரோவுக்கு அடியில் வைங்க. லைனர் முழுசா காஞ்சு உள்ளே இருக்கணும். பக்கிளை முதல் பல்லில் மட்டும் மாட்டணும், திறந்தே விட்டா ஷெல் வாயைப் பிளந்துக்கும். பிளாஸ்டிக் கவரில் கட்டாதீங்க, ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலம் போதும். பாச்சை உருண்டை போடாதீங்க, அந்த வாடை லைனரை விட்டு அடுத்த சீசனிலும் போகாது. சித்திரையில் கார் டிக்கியில் ஒரு நாள்கூட விடவேண்டாம்.

ஓசூர் லேத்

26.5 ஆர்டர் போட்டாச்சு. சோல் படம் கேட்டேன், 9523 தெளிவா இருக்கு. சோல் நீளம் வந்ததும் இங்கேயே போடுறேன், முன்னழுத்தக் குறி படத்தோட.