பேரலில் வாங்கும் என்ஜின் ஆயிலைச் சொந்தப் பெயரில் அடைத்து விற்க, லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும்?

கேள்வி (ஈரோடு):
வணக்கம். இருசக்கர வாகனப் பட்டறைகளுக்கு என்ஜின் ஆயில் விற்று வருகிறேன். 210 லிட்டர் பேரலாக வாங்கி, 900 மி.லி. டப்பாக்களில் அடைத்து, என் வணிகப் பெயரில் சில்லறையாக விற்க எண்ணியுள்ளேன். லேபிளில் சட்டப்படி எவை இடம்பெற வேண்டும்? தமிழில் மட்டும் அச்சிட்டால் போதுமா?

மறுமொழி 1:
ஐயா, சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011 உங்களுக்குப் பொருந்தும். பேரல் 25 லிட்டருக்கு மேற்பட்டது என்பதால் சில்லறைப் பொட்டல விதிகள் அதற்கு இல்லை. ஆனால் அதையே சிறு டப்பாவில் அடைக்கும்போது பொறுப்பு முழுவதும் உங்களைச் சேர்கிறது. தயாரித்தவர் வேறு, அடைப்பவர் வேறு என்பதால், இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். பலர் தயாரிப்பாளர் பெயரை விட்டுவிடுகிறார்கள். ஆயில் எங்கிருந்து வந்தது என்று அறியும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. பொருளின் பொதுப்பெயர், நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவையும் கட்டாயம்.

மறுமொழி 2:
அலகு விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்குக் குறைவான டப்பாவில் அதை மில்லி லிட்டர் கணக்கில் குறிக்க வேண்டும், 900 மி.லி. டப்பாவின் விலை 405 ரூபாய் என்றால், மி.லி.க்கு 0.45 ரூபாய். அந்த அளவு டப்பாவில் நிகர அளவு, விலை ஆகியவற்றின் எண்கள் 4 மி.மீ. உயரமாவது இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கிலேயே புடைப்பாக வார்த்தால் 6 மி.மீ. தேவை. தமிழ் மட்டும் போதாது: விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தாக வேண்டும், கூடுதலாகத் தமிழில் அச்சிடத் தடையில்லை. உங்கள் வாடிக்கையாளர்களுக்காக அதையும் அவசியம் செய்யுங்கள். பின்னர் விலை ஏறினால் மேலே ஸ்டிக்கர் ஒட்டித் திருத்தக் கூடாது. விலையைக் குறைக்க மட்டுமே ஒட்டலாம், அப்போதும் பழைய விலை மறையக் கூடாது.

மறுமொழி 3:
20டபிள்யூ-40 போன்ற தரக் குறியீட்டை, பேரலுடன் வரும் சோதனைச் சான்றிதழைப் பார்த்த பிறகே அச்சிடுங்கள். உரிமம் பெறாமல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இடுவது குற்றம். பேரல் நிறுவனத்தின் வணிகச் சின்னத்தையும் அதன் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிப் பயன்படுத்தாதீர்கள். அடைக்கத் தொடங்கிய 90 நாட்களுக்குள் பொட்டலமிடுபவராகப் பதிவுசெய்ய விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது. டப்பாக்களை மொத்தமாக அச்சுக்குக் கொடுக்கும் முன், லேபிள் மாதிரியை அங்குள்ள முத்திரை ஆய்வாளரிடம் காட்டிவிடுங்கள்.