மார்த்தாண்டம் பக்கம் பதின்வயதுப் பிள்ளைகளுக்கான மனநல ஆலோசகர் தெரியுமா?

என் அண்ணன் மகன் பிளஸ் டூ படிக்கிறான். போன மாதம் அவனுடைய நெருங்கிய கூட்டுக்காரன் தற்கொலை செய்துகொண்டான். அதிலிருந்து இவனுக்குச் சரியான தூக்கமில்லை. ஆசையாகச் சேர்த்த கால்பந்து ஜெர்சிகளையெல்லாம் தம்பிக்குக் கொடுத்துவிட்டான். அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்துகிறது.

நெருங்கியவரின் தற்கொலை, மனச்சோர்வு, முன்பே ஒருமுறை முயன்றது, வீட்டில் குடி, அவமானம் எல்லாமே இந்த வயதில் ஆபத்தைக் கூட்டும். அண்ணனோ 'பரீட்சை பயம்' என்கிறார். வெளிப்படையாகக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று மைனிக்குப் பயம். அப்படி வராது. நான் கேட்டேன், அழுதுவிட்டான். இரவே அரசின் மனநல உதவி எண்ணான 14416-ல் பேசினோம். அவனைத் தனியாக விடுவதில்லை.

நாளை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போகிறோம். அப்புறமும் தொடர்ந்து பேச, பக்கத்திலேயே ஓர் ஆலோசகர் வேண்டும். அண்ணனிடமும் பொறுமையாகப் பேசுபவராக இருந்தால் நல்லது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.