கார்மின் ஜிபிஎஸ் கருவியில் ஒற்றையடிப் பாதை தெரியவில்லை, டிஒய்பி கோப்பு தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத் தரவை எடுத்து, அதை கார்மின் வரைபடமாக மாற்றும் எம்கேஜிமேப் நிரல் வழியாக மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஒரு வரைபடம் செய்து கையடக்க கார்மினில் ஏற்றியிருக்கிறேன். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் ஏறும் பக்கத்தில் உயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. நடைபாதையும் கிட்டத்தட்ட அதே மெல்லிய கோடுதான். வெயிலில் திரையைப் பார்த்தால் எது பாதை, எது உயரக் கோடு என்றே பிடிபடவில்லை.

சரி, வரைபடத்தில் கோடும் நிறமும் எப்படித் தெரியவேண்டும் என்று சொல்லும் டிஒய்பி (TYP) கோப்பையே மாற்றிவிடலாம் என்று பாதைக்கான வகை எண்ணுக்கு (ஹெக்ஸ் எனும் பதினாறடிமான முறையில் 16) தடிப்பான சிவப்புப் புள்ளிக்கோடு கொடுத்தேன். உயரக் கோடுகளான 20, 21, 22 மூன்றையும் வெளிறச் செய்தேன். கணினியில் கார்மினின் பேஸ்கேம்ப் மென்பொருளில் அட்டகாசமாகத் தெரிகிறது. கருவியில் மட்டும் பழையபடியே! இரண்டையும் இணைக்கும் அடையாள எண்ணான ஃபேமிலி ஐடி வரைபடத்திலும் டிஒய்பியிலும் ஒன்றுதான், அதைப் பார்த்துவிட்டேன். வேறு வரைபடம் எதுவும் மேலே ஓடவில்லை.

கருவி பழைய டிஒய்பியை எங்காவது பிடித்துவைத்திருக்குமா? எப்படி அழிப்பது?

அப்புறம் இன்னொன்று. காடு, ஏரி போன்ற பரப்புகளுக்கு எது மேலே, எது கீழே என்று டிஒய்பியில் வரிசை சொல்லலாம். கோடுகளுக்கு அந்த வசதி இல்லையே, உயரக் கோட்டுக்கு மேலே பாதை வர நீங்கள் என்ன செய்கிறீர்கள்? இரவு நிறமும் தனியாகக் கொடுத்தவர்கள் இருந்தால், கருப்புப் பின்னணியில் எந்த நிறம் எடுபடுகிறது என்று சொல்லுங்கள். மஞ்சள் எனக்குச் சரிப்படவில்லை.