வெயில் ஏறத் தொடங்கிவிட்டது: வயதான லாப்ரடாரின் முடியை மழிக்கலாமா?

மாடிப்படி (கேள்வி)

எங்கள் கருப்பன் லாப்ரடார் நாய். அடுத்த மாதம் 11 வயது முடிகிறது. பின்னங்கால் மூட்டுகள் தேய்ந்திருக்கின்றன. குளிர்காலம் முழுக்க, தினமும் காலையில் அவன் தொடைகளை உள்ளங்கையால் தேய்த்துச் சூடேற்றிய பிறகுதான் காலை ஊன்றுவான். குளிரைக் கடந்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்றிருந்தேன்.

ஐந்தே நாட்களில் வெயில் ஏறிவிட்டது. நேற்று மாலை 5 மணி நடையில் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டான். நாக்கு அகன்று தொங்கியது. மூச்சு இழுத்து இழுத்துச் சத்தத்தோடு வந்தது. நிழலுக்குக் கொண்டுபோய், கையில் ஏந்தித் தண்ணீர் காட்டினேன். எழுந்து நிற்க இருபது நிமிடம் ஆனது. இரவெல்லாம் நான் தூங்கவில்லை.

முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. ஒட்ட மழித்துவிட்டால் உடம்பில் காற்றாவது படும் என்கிறான் என் தம்பி. செய்யலாமா? குடிக்கும் தண்ணீரில் ஐஸ் கட்டி போடலாமா? இன்னொன்று: வெறும் தரையில்தான் படுப்பேன் என்று அடம்பிடிக்கிறான். மூட்டுக்கு ஆகாதே என்று கம்பளி விரித்தால் விலகிப் போகிறான். வயதாகிவிட்டதால் குரைப்பும் கம்மிக் கரகரத்துப் போய்விட்டது. பார்க்கவே மனம் தாங்கவில்லை.

சீப்பும் கத்தரியும்

தயவுசெய்து மழிக்காதீர்கள். லாப்ரடாருக்கு இரண்டு அடுக்கு முடி. உள்ளே பஞ்சு போன்ற மென்முடி, மேலே முரட்டு முடி. அந்த மேல்முடிதான் வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது. மழித்தால் தோல் வெந்துபோகும். சில நாய்களுக்கு முடி மறுபடி சீராக வளராமல் திட்டுத் திட்டாக நின்றுவிடும். நாய்க்கு மனிதரைப் போல் உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. அதனால் முடியை எடுப்பதில் பெரிய லாபமும் இல்லை.

இப்போது கொத்தாக உதிர்வது அந்த உள்முடிதான். பகல் நீள நீள உடம்பே அதைக் கழற்றிப் போடுகிறது. நீங்கள் செய்ய வேண்டியது சீப்பால் தினமும் பத்து நிமிடம் உதவுவது மட்டுமே. பின்தொடையிலும் வால் அடியிலும்தான் அதிகம் சிக்கியிருக்கும். மூட்டு வலிக்கும் நாயை நிற்க வைத்துச் சீவ வேண்டாம். படுத்த நிலையில் ஒரு பக்கம் முடித்து, அவனாகப் புரளும்போது மறுபக்கம்.

இரவுப்பணி

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். கடும் கோடையைவிட இந்த முதல் வாரங்கள்தான் எனக்குப் பயம். உடம்பு வெயிலுக்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். குளிர்காலத்தில் நடந்த அதே தூரத்தை, அதே நேரத்தில் இப்போதும் நடத்திக் கூட்டிப்போகிறவர்கள்தான் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். மாலை 5 மணிக்குத் தார்ச்சாலை பகல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அவன் பாதத்தாலும் முடியாது. விடியுமுன் போய் வாருங்கள்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐ நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. நேற்றுப்போல் மறுபடி உட்கார்ந்தால், முதலில் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், பிறகு மருத்துவரிடம் ஓடுங்கள். குளிர்விக்காமல் வண்டியில் ஏற்றுவது பெரிய தவறு. ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விடவும் கூடாது. அடியில் சூடு தேங்கிவிடும். ஐஸ் கட்டி ஒன்றிரண்டு கிண்ணத்தில் மிதந்தால் ஒன்றும் ஆகாது.

தரை விஷயத்தில் அவன் சொல்வதைக் கேளுங்கள். மூட்டுக்குக் கடினத் தரை உறுத்தும்தான், ஆனால் கம்பளி புழுங்கும். கால் சற்று உயர்ந்த, காற்றுப் புகும் துணிக்கட்டில் இரண்டுக்கும் பொருந்தும்.

நிழல்மரம்

மேலே சொன்ன எல்லாம் சரி. ஆனால் நீங்கள் கடைசியாகப் போகிறபோக்கில் எழுதிய வரி என்னை உலுக்கிவிட்டது. குரைப்பு கம்மிவிட்டது என்றீர்களே, எப்போதிலிருந்து? மூச்சை உள்ளே இழுக்கும்போதுதான் சத்தம் வருகிறதா? சாப்பிடும்போது இருமுகிறானா?

வயதான லாப்ரடார்களுக்குக் குரல்வளை வாதம் வருவதுண்டு. மூச்சிழுக்கும்போது திறக்க வேண்டிய குரல்வளைக் குருத்தெலும்பு சரியாகத் திறக்காது. இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டிய பிராணிக்கு வழியே பாதி அடைபட்டதுபோல. குளிர்காலத்தில் தெரியாது, முதல் வெயிலில் தெரிந்துவிடும். பல நாய்களுக்கு இதே நரம்புக் கோளாறால் பின்னங்காலும் பலவீனமாகும். நாங்களும் மூட்டுத் தேய்மானம் என்றே நினைத்திருந்தோம். குரல் மாறியதை வயது என்று எண்ணி ஒரு வருடம் விட்டுவிட்டேன். ஒரு மத்தியானம் எங்கள் பெண் நாய் மூச்சுத் திணறி என் மடியிலேயே போய்விட்டாள். மூச்சுச் சத்தத்தை இன்றே கைப்பேசியில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்துப் பட்டையை இப்போதே கழற்றுங்கள். சங்கிலியை மார்புப் பட்டையில் மாட்டுங்கள், தொண்டையில் இழுபடக் கூடாது.

மாடிப்படி

நிழல்மரம், உங்கள் இழப்பைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கேட்ட மூச்சுச் சத்தம், இருமல் இரண்டுக்கும் ஆம். குரல் மாறி ஏழெட்டு மாதம் இருக்கும். தண்ணீர் குடித்தால் இருமுவான். அவசரமாகக் குடிக்கிறான் என்று நானே அதட்டியிருக்கிறேன்.

பதிவை மருத்துவர் இரண்டு முறை கேட்டார். லேசாக மயக்கம் கொடுத்துக் குரல்வளை அசைவதைப் பார்த்தால்தான் உறுதியாகும் என்றார். அதுவரை பகலில் வெளியே கூட்டிப்போகக் கூடாது, பரபரப்பாக்கக் கூடாது, மூச்சு இழுத்தால் நேரம் பாராமல் கொண்டுவர வேண்டும். மழிக்கும் யோசனையைக் கைவிட்டோம். தம்பிதான் இப்போது சீவிவிடுகிறான். கம்பளியை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். கருப்பன் சன்னலுக்குக் கீழே, அவன் விரும்பிய தரையில் படுத்திருக்கிறான். பரிசோதனை வெள்ளிக்கிழமை காலை. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.