வட்டக்கச்சி வீட்டு முன்கூரை

*புதன்கிழமை*

அம்மா, காலை 6.48: (படம்) பிள்ளைகள், முன்விறாந்தைக் கூரையைப் பாருங்கோ. தம்பி காசு அனுப்பிப் போட்ட கண்ணாடிச் சீற் முழுக்கப் பச்சை. பகலிலும் லைற் போட்டுத்தான் பேப்பர் வாசிக்கிறேன். ஞாயிறு பக்கத்து வீட்டுப் பெடியனை ஏற்றித் தேய்ப்பிக்கப் போகிறேன்.

சித்தப்பா, காலை 6.51: அண்ணி, ஒருவரையும் ஏற்ற வேண்டாம்.

சித்தப்பா, காலை 6.51: தயவு செய்து.

அம்மா, காலை 6.55: அவன் மெலிந்த பிள்ளை. பாரம் இல்லை.

சித்தப்பா, காலை 7.04: மெலிவு பருமன் பார்க்காது அண்ணி. 2016 இல் நான் விழுந்தது இப்படி ஒரு சீற்றால்தான். களஞ்சியக் கூரையில் வெளிச்சத்துக்கென்று இடையில் ஒரு பைபர் சீற் போட்டிருந்தார்கள். தூசி படிந்து மற்றச் சீற்களின் நிறத்துக்கே வந்துவிட்டது. கால் வைத்தேன். உடைகிற சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. பதினான்கு அடி. இடுப்பெலும்பு பொருந்த ஆறு மாதம் போனது. அந்தப் பிள்ளைக்குப் பதினேழு வயது, தாய்க்கு ஒரே மகன். கூரை பச்சையாக இருந்தாலும் பரவாயில்லை.

நான், காலை 7.10: சித்தப்பா சொல்வது சரி அம்மா. நான் ஞாயிறு வருகிறேன். ஏறாமல் கழுவ வழி பார்ப்போம்.

அக்கா வவுனியா, காலை 7.32: குளோரின் பவுடரைக் கரைத்து ஊற்றினால் பாசி தானாகச் செத்துவிடாதா? இங்கே கடையில் தின்னரால் துடைத்தாலும் போகும் என்றார்கள்.

அண்ணா லண்டன், காலை 11.40: இப்போதுதான் எழும்பினேன். அக்கா, இரண்டும் வேண்டாம். அது கண்ணாடி இல்லை, பொலிகார்பனேற் என்ற பிளாஸ்ரிக், உள்ளே நீளத்துக்கு ஓட்டை ஓட்டையாக இருக்கும். தின்னர், பெற்றோல், அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் எது பட்டாலும் மங்கும், மயிரிழை போல வெடிக்கும். குளோரின் பவுடர் கரைசல் காரம் கூடியது, அதுவும் கூடாது. கரையாத துகள் கோடும் போடும். வெயிலைத் தாங்கும் பூச்சு மேல்பக்கத்தில் மெல்லிய படலமாகத்தான் இருக்கிறது. அதைச் சுரண்டினால் சீற் மஞ்சளாகிவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், மெல்லிய துணி, அவ்வளவுதான்.

அண்ணா லண்டன், காலை 11.52: எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் இப்படி ஒரு அறை இருக்கிறது, கொன்சவேற்றறி என்பார்கள். மேல்மாடி யன்னலுக்குக் கீழே அடங்க வேண்டும் என்று கூரையைத் தட்டையாகப் போட்டுவிட்டார்கள். அம்மாவின் விறாந்தையும் அப்படித்தானே, ஓட்டுத் தாழ்வாரத்துக்குக் கீழே சொருகினோம். செங்குத்தான கூரையை மழையே கழுவிவிடும். தட்டையான கூரையில் தண்ணீர் ஆறுதலாக வடியும், கொண்டுவந்த மண்ணைக் கீழ் விளிம்பில் விட்டுவிட்டுப் போகும். அந்த மண்ணில்தான் பாசி பிடிக்கும். இங்கே கழுவ வருகிறவர்கள் நிலத்தில் நின்று நீளத் தடியால் கழுவுகிறார்கள். தடிக்குள்ளேயே குழாய், நுனியில் பிறஷ், அதிலிருந்து தண்ணீர் வரும். சீற்றில் கால் வைப்பதே இல்லை.

அம்மா, காலை 11.58: அந்தத் தடிக்கு எவ்வளவு?

நான், பகல் 12.20: தடி எங்களிடம் இருக்கிறது அம்மா. மாங்காய் பிடுங்கும் கொக்கத்தடி. பன்னிரண்டு அடி.

சித்தப்பா, பகல் 12.31: நல்ல யோசனை. ஆனால் தும்புத்தடியை அதில் கட்டாதே, தும்பு கீறும். ஒரு கட்டையில் பஞ்சை வைத்து உன் அப்பாவின் பழைய சாரத்தால் சுற்றிக் கட்டு. முடிச்சு மேலே இருக்கட்டும். வீட்டுக்கு வரும் கரண்ட் வயர் கிழக்குப் பக்கத்தால் போகிறது. ஈரத்தடியோடு அங்கே நிற்க வேண்டாம்.

அம்மா, பகல் 12.35: அவருடைய சாரம் ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது. எடுத்து வைக்கிறேன்.

*சனிக்கிழமை*

நான், பின்னேரம் 5.15: சாய்வு அளந்தேன். மேசன்மார் பாவிக்கும் ரியூப்புக்குள் தண்ணீர் விட்டு மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் பிடித்துப் பார்த்தோம். பத்து அடிக்கு நாலு அங்குலம்தான் இறக்கம்.

அண்ணா லண்டன், பின்னேரம் 5.22: குறைந்தது 5 பாகையாவது வேண்டும். பத்து அடிக்குப் பத்தரை அங்குலம் வரும். பாதிகூட இல்லை.

சித்தப்பா, பின்னேரம் 5.40: அதுதான் காரணம். கழுவினாலும் திரும்பப் பிடிக்கும். தைப்பொங்கல் கழிய முன்தூண்களில் ஆறரை அங்குலம் வெட்டி இறக்கித் தருகிறேன். இரும்புக் குழாய்தானே. முன்பக்கம் எட்டடி இருக்கிறது, தலை இடிக்காது. இப்போதைக்குக் கழுவுங்கள்.

சித்தப்பா, பின்னேரம் 5.43: ஏணியைக் கூரைத் தண்ணீர் வடியும் பீலியில் சாத்தாதே. பிளாஸ்ரிக், பிளந்துவிடும். பக்கத்தில் வீட்டுச் சுவரில் சாத்து. எட்டடி உயரத்துக்கு இரண்டடி தள்ளி அடி இருக்க வேண்டும். யன்னல் கம்பியோடு கட்டு. ஒருவர் கீழே பிடிக்க வேண்டும், அது அண்ணியாக இருக்கக் கூடாது.

நான், பின்னேரம் 5.44: என் வீட்டுக்காரர் பிடிப்பார் சித்தப்பா.

*ஞாயிற்றுக்கிழமை*

நான், காலை 9.05: முடிந்தது. எல்லோரும் கேட்பீர்கள் என்பதால் ஒரேயடியாக எழுதுகிறேன். ஆறு மணிக்கே தொடங்கினோம். வெயில் ஏறினால் சவர்க்காரத் தண்ணீர் சீற்றிலேயே காய்ந்து வெள்ளைத் திட்டாகிவிடும் என்று அண்ணா சொன்னதால்தான். முதலில் மழைத்தண்ணீர்த் தாங்கிக்குப் போகும் குழாயைக் கழற்றி விட்டேன், அழுக்குத் தண்ணீர் தாங்கிக்குள் போகக் கூடாதல்லவா. பிறகு ஹோஸ் பைப்பால் மெதுவாக நனைத்து அரை மணித்தியாலம் ஊற விட்டோம். காய்ந்ததைத் தேய்த்தால் மணல் கீறும். மேற்குப் பக்கத்து ஏணியிலிருந்து பாதிக் கூரை எட்டியது. கிழக்கில் ஏணி வைக்கவில்லை. மிச்சத்தை முன்முற்றத்தில் நின்று தடியை நீட்டித் துடைத்தோம். மேலிருந்து கீழாக, தண்ணீர் ஓடும் திசையில். சாரத்தை நாலு முறை அலசினேன். முதல் வாளித் தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி இருந்தது.

நான், காலை 9.09: கீழ் விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புச் சேறு. அதற்குள் வேப்பங்காம்பு, குரங்கு போட்ட விளாங்கோது, ஒரு வேப்பங்கன்று முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது.

நான், காலை 9.10: (படம்)

அக்கா வவுனியா, காலை 9.14: பீலி?

நான், காலை 9.18: பீலியைச் சொல்லவே மனம் வரவில்லை. இலை அடைத்து மூன்று விரல் ஆழத்துக்குத் தண்ணீர். அதற்குள் நுளம்புக் குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன. அம்மா தினமும் அதற்குக் கீழேதான் இருந்து பூக்கட்டுகிறா.

அண்ணா லண்டன், காலை 9.30: தூங்கவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். மாரி முடியும் வரை கிழமைக்கு ஒரு தரம் பீலியைப் பாருங்கள். டெங்கு வந்தால் அம்மாவின் வயதுக்குத் தாங்காது.

அம்மா, காலை 9.41: 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தார்களே, அப்படி ஒரு மழை வந்திருந்தால் இந்தப் பீலியால் தண்ணீர் முழுக்க வீட்டுச் சுவருக்குள்தான் இறங்கியிருக்கும்.

நான், காலை 9.50: இன்னுமொரு பிரச்சினை. வெளியே துடைத்த பிறகும் சில இடம் பச்சைதான். பாசி சீற்றின் உள் ஓட்டைகளுக்குள் நீளமாகக் கோடு கோடாக நிற்கிறது.

அண்ணா லண்டன், காலை 9.58: கீழ் முனையை எதனால் மூடியிருக்கிறார்கள்?

நான், காலை 10.03: சாதாரண செலோரேப். அதற்கு மேல் சிலிக்கன்.

அண்ணா லண்டன், காலை 10.11: அதுதான். மேல் முனையைத் தண்ணீர் புகாதபடி அலுமினிய ரேப்பால் மூட வேண்டும். கீழ் முனைக்கு நுண்ணிய துளை உள்ள ரேப் இருக்கிறது. பூச்சியும் தூசியும் உள்ளே போகாது, வியர்க்கிற ஈரம் வெளியே வடியும். இரண்டு பக்கமும் அடைத்தால் ஈரம் போக வழியில்லை. போட்டவர் அவசரத்தில் அடைத்துவிட்டுப் போயிருக்கிறார். கார்த்திகையில் ஒருவர் வருகிறார், அவரிடம் இரண்டு சுருள் கொடுத்து விடுகிறேன்.

சித்தப்பா, காலை 10.20: தூண் வெட்டும்போது சீற்றைக் கழற்றத்தான் வேண்டும். அப்போது ஒவ்வொரு ஓட்டையிலும் தண்ணீர் விட்டுக் கழுவி, நிமிர்த்திச் சாத்தி, நன்றாகக் காய்ந்த பிறகு ரேப் ஒட்டுவோம். இப்போதைக்குக் கீழ் முனையில் அந்தச் சிலிக்கனை மட்டும் கவனமாகக் கீறி எடு.

நான், காலை 11.35: எடுத்தேன். நாலு ஓட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. கடைசி மழை எப்போது பெய்தது என்று பாருங்கள்.

அம்மா, பின்னேரம் 4.50: லைற் போடாமல் பேப்பர் வாசிக்கிறேன். ஊசிக்கு நூலும் கோர்த்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெடியனுக்குச் சோறு கொடுத்தேன், கீழே நின்று பீலி அள்ளித் தந்தவன்.

சித்தப்பா, பின்னேரம் 4.53: நல்லது அண்ணி.

*வியாழக்கிழமை*

அம்மா, இரவு 8.12: இங்கே மழை. இடியும் இருக்கிறது.

சித்தப்பா, இரவு 8.14: பீலி?

அம்மா, இரவு 8.21: குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். தாங்கிக்குள் விழுகிற சத்தம் கேட்கிறது.

அண்ணா லண்டன், இரவு 8.22: அம்மா, இடிக்குள் வெளியே போகாதேங்கோ. உள்ளே வாங்கோ.

அம்மா, இரவு 8.25: வந்துவிட்டேன்.